இரண்டு கையெழுத்து

"நான்தான் கடைசித் தலைவரா ஆயிடுவேனோ, தோழர்?"

கேட்டவர் மாசிலாமணி, சமதர்ம மக்கள் கட்சியின் துணைப் பொதுச் செயலாளர். மாலை நாலு மணிக்குப் பொதுக்குழு கூடுகிறது. கூடியதும் அவரைத் தலைவராக்கிக் கைதட்டப் போகிறார்கள். காலையிலிருந்து அவருக்கு இட்லிகூட இறங்கவில்லை.

எதிரில் இருந்தவர் திலகவதி, கட்சிப் பயிற்சி வகுப்பில் பாடம் எடுப்பவர். அவரைவிட மூன்று வயது சின்னவர்தான். ஆனால் மேடையில் முழங்குகிற மாசிலாமணி அவர் முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பு.

"முதல் தலைவர் ஆட்சியைப் பிடிச்சார். ரெண்டாமவர் அதைக் காப்பாத்தினார். மூணாமவர் கூட்டணி பேசிப் பேசியே மூணு சீட்டுல கொண்டுவந்து விட்டுட்டார். எனக்குப் பயமா இருக்கு, தோழர்."

திலகவதி இழுப்பறையைத் திறந்து ஓர் உறுப்பினர் படிவத்தை நீட்டினார்.

"நிரப்புங்க."

"நானா? முப்பத்தாறு வருஷமா கட்சியில இருக்கேன்!"

"நிரப்புங்க."

நிரப்பினார். கடைசி வரியில் பேனா நின்றது. விண்ணப்பதாரரை நேரில் அறிந்த, அதே கிளையின் உறுப்பினர்கள் இருவர் கையெழுத்திட வேண்டும்.

"நீங்களே ஒண்ணு போட்டுடுங்களேன்."

"நான் வேற கிளை. நீங்க கட்சியில சேர்ந்த கிளையில வாங்கிட்டு வாங்க."

மணி இரண்டேகால். கார் பறந்தது. கிளைச் செயலாளர் கோதண்டத்தின் வீடு அவருக்கு நினைவிருந்தது. அந்த மட்டில் நிம்மதி.

கதவைத் திறந்தவள் கோதண்டத்தின் மருமகள்.

"மாமா தவறி ரெண்டு வருஷமாச்சுங்களே. நீங்கதான் இரங்கல் அறிக்கை விட்டீங்க. பேப்பர்ல பார்த்தோம்."

அந்த அறிக்கையை ஆபீசில் யாரோ எழுதினார்கள். மாசிலாமணி படிக்கவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இப்போ கிளைச் செயலாளர் யாரும்மா?"

"யாருமில்லீங்க. மாமாவோட நின்னுபோச்சு."

"உறுப்பினர்கள்?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

சட்டைப்பையில் போன் அடித்தது. பொதுக்குழுவிலிருந்துதான். அவர் எடுக்கவில்லை.

வாசலில் காலிக் குடங்களோடு ஏழெட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள். மருமகள் அவசரமாகச் செருப்பை மாட்டினாள்.

"மன்னிச்சுக்குங்க. தண்ணி வராம பதினோரு நாளாச்சு. கலெக்டர் ஆபீஸ் போறோம்."

அவள் கையில் ஒரு மனு. அதன் அடியில் நாற்பது கையெழுத்துகளாவது இருக்கும்.

"இதெல்லாம் நீயா வாங்கினே?"

"வீடு வீடா ஏறி இறங்கினேங்க."

"இவ்வளவு செய்றே. நம்ம கட்சியில ஏம்மா சேரல?"

அவள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"யாரும் கேக்கலீங்களே."