துறட்டிக்கு எட்டிய சிங்காதனம்

முன்னொரு காலத்தில், காட்டில் எத்தனை இலை இருக்கிறது என்று தெரியாமல் சோறு இறங்காத ஒரு ராஜா இருந்தார். இலைகளை எண்ணி முடிக்கும்வரை ஒருவரும் காட்டிலிருந்து சுள்ளிகூட எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். எண்ணும் பொறுப்பு மந்திரி மார்த்தாண்டருக்கு. அவர் நாலாயிரம்வரை எண்ணுவார், காற்றடிக்கும், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். ஊரில் அடுப்பு எரிந்து நாற்பது நாளாயிற்று. ஜனங்கள் ஊறவைத்த அரிசியை மென்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

அப்போது ஓர் இங்கிலீஷ்கார வியாபாரி சபைக்கு வந்தான். "மகாராஜா, கொக்கியாலோ வளைகோலாலோ மிளகு வாங்காமல் ஊர் திரும்பமாட்டேன்" என்றான். மிளகை யாராவது கொக்கி போட்டு இழுப்பார்களா? சபை விழித்தது.

"எப்பாடுபட்டாவது என்று அர்த்தம். எங்கள் ஊர்ப் பழைய சொல்வழக்கு."

"அது எப்படி வந்தது?" என்று ராஜாவுக்குப் புதுப் பித்துப் பிடித்தது.

வியாபாரி வாய் திறப்பதற்குள் மந்திரி முந்திக்கொண்டார். சபையில் வேடிக்கை பேசும் விகடர் குப்பாண்டியைக் கண்டாலே அவருக்கு வேப்பங்காய். "நம் விகடருக்குத் தெரியாதது உண்டா, மகாராஜா? அவர் சொல்லட்டும். தவறினால் கழுதைமேல் ஏற்றி ஊரைவிட்டே அனுப்பிவிடலாம்." ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

குப்பாண்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. பசி தெரியும். "கொக்கியையும் கோலையும் எவன் தூக்குவான், மகாராஜா? வீட்டில் அடுப்பு எரியாதவன். அந்த ஊர் ராஜாவும் காட்டைப் பூட்டியிருப்பார். பிறகு மனமிரங்கி, வெட்டாதே, கோலுக்கு எட்டும் காய்ந்த மரத்தை மட்டும் இழுத்துக்கொள் என்றிருப்பார்."

"அப்படித்தான் எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள்!" என்று வியாபாரி துள்ளினான்.

மந்திரி விடவில்லை. "வாயால் யாரும் சொல்லலாம். செய்து காட்டட்டும்!"

"ஒரு நாழிகைக்கு அந்தச் சட்டம் இந்தச் சபையில் செல்லட்டும், மகாராஜா" என்றார் குப்பாண்டி. சபையில் மரம் ஏது என்று ராஜாவும் சம்மதித்தார்.

குப்பாண்டி வெளியே ஓடி, ஆடு மேய்ப்பவனிடமிருந்து கொக்கி மாட்டிய நீளத் துறட்டி ஒன்றை வாங்கிவந்தார். முதல் இழுப்பில் மந்திரியின் முக்காலி வந்தது. மந்திரி தரையில் கிடந்தார். அடுத்த இழுப்பில் துறட்டி சிங்காதனத்தின் காலில் மாட்டியது.

"அடே, இது சிங்காதனம்!"

"பச்சை மரமென்றால் விட்டுவிடுகிறேன், மகாராஜா. எங்காவது துளிர் விட்டிருக்கிறதா, பாருங்கள்."

சிங்காதனம் ராஜாவோடு வாசலை நோக்கி நகர்ந்தது. ராஜா கைப்பிடியை இறுக்கிக்கொண்டு அலறினார். "விறகு வேண்டுமானால் காட்டுக்குப் போய்த் தொலையேன்!"

"நான் மட்டுமா, ஊரோடா?"

"ஊரோடு போ!"

குப்பாண்டி துறட்டியைக் கீழே வைத்தார். அப்போதுதான் தாம் சொன்னது ராஜாவுக்கு உறைத்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். இலைக்கணக்கு ஒழிந்தது. இனி நீர் மந்திரிக்குச் சமமாக உட்காரும் என்று அந்த முக்காலியையே விகடருக்குப் பரிசளித்தார்.

அன்று மத்தியானம் குப்பாண்டி வீட்டில் சோறு பொங்கியது. முக்காலி நன்றாக எரிந்தது.