சீரியஸ் ஏன் பின்னால் வருகிறான்?

அந்தக் காலத்தில், சொற்களுக்குக் கையும் காலும் இருந்த காலத்தில், ஒருவர் வாயிலிருந்து புறப்பட்ட சொல் இன்னொருவர் காதுக்கு நடந்தேதான் போய்ச் சேர வேண்டும். மழையானாலும் வெயிலானாலும் நடைதான். இங்கிலீஷ் சீமையில் இந்த நடைக்குக் கண்டிப்பான முறை ஒன்று இருந்தது. பெயர்ச் சொற்கள் ராஜாக்களைப் போலப் பின்னால் வரும். அவற்றின் குணம் சொல்லும் சொற்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு கட்டியக்காரர்களாக முன்னால் போகும். ஹவுஸ் வந்தால் முன்னால் பிக். ரோஸ் வந்தால் முன்னால் ரெட். "வருவது எப்பேர்ப்பட்டவர் தெரியுமா?" என்று முந்திக்கொண்டு சொல்வதில் அந்தக் கட்டியக்காரர்களுக்கு இருந்த திமிர் இருக்கிறதே, அப்பப்பா!

அந்தக் கூட்டத்தில் திமிர் இல்லாத ஒரே ஆள் சீரியஸ். தங்கமான மனசு. முகம்தான் அவனுக்கு வாய்த்த சனி. எழவு வீட்டிலிருந்து திரும்பியவன் மாதிரி எப்போதும் தொங்கிக் கிடக்கும். அவன் தெருவில் தலைகாட்டினால் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அவனுக்குப் பின்னால் அடிக்கடி நடக்க நேர்ந்தவன் நத்திங். சம்திங், எனிதிங் எல்லோருக்கும் தம்பி. திங் வீட்டுக் கடைக்குட்டி. ஊதினால் பறந்துவிடுவான். நடையும் மந்தம். 'பயப்பட ஒன்றுமில்லை' என்று வைத்தியர்கள் சொல்லி அனுப்புவது இந்த இரண்டு பேரிடம்தான். முறைப்படி சீரியஸ் முன்னால், நத்திங் பின்னால். வினை அங்கேதான் பிடித்தது.

ஒரு தச்சன், பெண்டாட்டியின் பிரசவச் செய்திக்காக வாசலில் காத்திருந்தான். சீரியஸின் முகம் தெரிந்ததுமே பாவி மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். நத்திங் மூச்சிரைக்க ஓடி வந்தபோது உயிர் போய்விட்டிருந்தது. உள்ளே தாயும் பிள்ளையும் சுகமாக இருந்தார்கள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது? அதற்குப் பிறகு சீரியஸுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டியக்காரர்களின் தலைவனான கிரேட்டிடம் போய் நின்றான்.

"பெரியவரே, இனிமே தம்பி முன்னால போகட்டும். நான் பின்னால வர்றேன்."

கிரேட் மீசையை முறுக்கினான். "முன்னேர் போன வழியிலதான்டா பின்னேர் போகணும். நம்ம குலத்துல எவனாவது பின்னால நடந்திருக்கானா? நீ நடந்தேன்னா நம்ம பந்தியில உனக்கு இலை கிடையாது. போ, போ!"

சொந்தபந்தம் என்று அவனுக்கு இருந்தது அந்தக் கூட்டம் ஒன்றுதான். சீரியஸ் திரும்பிப் போய்ப் பழையபடி முன்னாலேயே நடந்தான்.

ஆப்பிள் பறிக்கும் காலம் வந்தது. எடித்தம்மாள் என்றொரு விதவை. அவளுக்கு இருந்த பிள்ளை வால்டர் ஒருத்தன்தான். அவன் மரத்திலிருந்து விழுந்து பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான். வைத்தியர் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பெற்றவளால் வாசலில் நிற்க முடியவில்லை. தோட்டத்தின் கோடியில் இருந்த படலருகே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் பையன் கண் விழித்து, "அம்மா எங்கே?" என்றான். மணிக்கட்டு பிசகியிருந்தது, அவ்வளவுதான். வைத்தியர் உடனே சீரியஸையும் நத்திங்கையும் கூப்பிட்டு, "அந்தம்மாகிட்ட ஓடுங்க!" என்று விரட்டினார்.

வழியில் ஒரு வேலி. அதன் இடுக்கு வழியாகச் சீரியஸ் பார்த்தான். எடித்தம்மாள் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு வெளுத்திருந்தது. வேலி முடிகிற திருப்பத்தில் அவன் திரும்பினால் அவள் பார்ப்பது அவன் முகத்தைத்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"என்னண்ணே, நின்னுட்டே?" என்றான் நத்திங்.

"தம்பி, நீ முன்னால போ."

"நானா? ஐயையோ! கிரேட்டுக்குத் தெரிஞ்சா உன் தோலை உரிச்சுடுவாரே!"

"உரிச்சா உரிக்கட்டும். என் மூஞ்சியைப் பார்த்தா அந்த உசிரு தாங்குமாடா? பந்தியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நட!"

தன் தலைப்பாகையைக் கழற்றி நத்திங் தலையில் வைத்தான். அது தம்பியின் காதுவரை இறங்கிவிட்டது. சீரியஸ் முதுகை வளைத்து, அந்த நோஞ்சானின் பின்னால் தன்னை மறைத்துக்கொண்டு நடந்தான்.

எடித்தம்மாள் கண்ணில் முதலில் பட்டது நத்திங்.

"ஒண்ணுமில்லையா? என் புள்ளைக்கு ஒண்ணுமில்லையா?" என்று கத்தினாள். அப்படியே புல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்தபோதுதான் பின்னால் இருந்தவனைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை. அவனைக் கிட்டே இழுத்து, தொங்கிப்போன அந்தக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். பிறந்ததிலிருந்து யாரும் தொட்டிராத முகம் அது. சீரியஸும் அழுதான்.

சேதி கிரேட்டுக்கு எட்டியது. "இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டோம்!" என்று குதித்தான். திங் வீட்டுக்காரர்கள்தான் ஆள் அனுப்பினார்கள். "அந்தப் பந்தியில இலை இல்லாட்டி என்ன? எங்க வீட்டுல வந்து உட்காருங்க. எங்களுக்கு முன்னால கொம்பு ஊத ஆள் வேண்டாம். பின்னால துணைக்கு வந்தா போதும்" என்றான் சம்திங். கிரேட்டின் பந்தியிலிருந்து அதைக் கேட்ட கட்டியக்காரர்கள் ஸ்பெஷலும் நியூவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெல்ல எழுந்து வந்து சீரியஸ் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். கிரேட் எவ்வளவு கத்தியும் திரும்பவில்லை.

மற்றவர்களோடு போகும்போது கட்டியக்காரர்கள் இன்றைக்கும் முன்னால்தான் போகிறார்கள். திங் வீட்டுப் பிள்ளைகளோடு போகும்போது மட்டும் பின்னால். "சம்திங் ஸ்பெஷலா?" என்கிறோம், "எனிதிங் நியூ?" என்கிறோம். ஆஸ்பத்திரிக் கதவு திறந்து, டாக்டர் "நத்திங் சீரியஸ்" என்கிறார். முதல் சொல்லிலேயே பெற்றவளுக்குப் போன உயிர் திரும்பிவிடுகிறது. பின்னால் வருகிறவனை அவள் கவனிப்பதுகூட இல்லை. யாரும் தன்னைக் கவனிக்காத அந்த நேரத்தில்தான் சீரியஸ் சிரிக்கிறான்.