பஞ்சாரத்துக்கு அடி இல்லாமல் போனது

அந்தக் காலத்தில் கோழிக்குப் பேச்சு வரும், வீடுதான் கிடையாது. மூங்கில் புதரில் முட்டையிடும், அங்கேயே அடைகாக்கும், பொரித்த குஞ்சைப் பருந்துக்கும் கீரிக்கும் பறிகொடுத்துவிட்டு மறுபடி முட்டையிடும். மற்ற கோழிகள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு செவலைக் கோழி மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டு தடவை பொரித்ததில் ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை. மூன்றாவது தடவைக்குப் புதர் வேண்டாம் என்று முடிவு பண்ணி, மலையடிவாரத்தில் இருந்த ஒரு வீட்டு வாசலில் போய் நின்றது.

அது வேம்பியின் வீடு. ஒரே அறை, மண் தரை. அவள் புருஷன் சடையன் மூங்கில் கூடை பின்னுகிறவன்.

"அக்கா, உள்ள ஒரு மூலை குடு. இந்தத் தடவை குஞ்சு பிழைச்சிட்டா, அப்புறம் இடுற முட்டையில பாதி உனக்கு" என்றது கோழி.

"வீட்டுக்குள்ள எச்சம் போடுவியே."

"போடுவேன். மாட்டேன்னு சொன்னா நீ நம்பவா போற?"

வேம்பிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. உள்ளே விட்டாள்.

ஆனால் ஆள் நடமாடும் அறையில் கோழியைச் சும்மா விட முடியாது. கதவு திறந்திருந்தால் கீரி உள்ளேயே வரும். அதனால் சடையன் கோழிக்கென்று ஒரு வீடு பின்னினான். ஐந்து நாள் வேலை. அதில் மூன்று நாள் அடிப்பாகத்துக்கே போனது. கூடைக்காரனுக்கு அடிதான் மானம். மூங்கில் பிளாச்சை இழைத்து இழைத்து, தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாத மாதிரி நெருக்கிப் பின்னினான். சுற்றிக் காற்று வர இடைவெளி விட்டான். மேலே ஒரு மூடி. எல்லாம் சரிதான். கோழியிடம் மட்டும் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடைகாத்த இருபத்தொரு நாளும் ஒரு தொந்தரவும் இல்லை, ஏனென்றால் கோழி நடக்கவே இல்லை. ஒன்பது குஞ்சு பொரித்த பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்தது.

கோழி காலால் ஒரு கிளறு கிளறியது. நகம் வழுக்கியது. ஒன்றும் வரவில்லை. வேம்பி தூவிய நொய் பக்கத்திலேயே கிடந்தது. குஞ்சுகள் அதைப் பார்க்காமல் தாயின் காலையே பார்த்துக்கொண்டிருந்தன. தாய் கிளறிக் காட்டாததைத் தின்பதில்லை என்று அதுகளுக்கு ஒரு பிடிவாதம். பசி ஒரு பக்கம் இருக்க, எழுந்து நிற்கப் போனால் குஞ்சுகளுக்குக் கால் வழுக்கியது, அதில் இரண்டுக்குக் கால் இரண்டு பக்கமாக விரிந்தே போனது.

"அண்ணே, தரை வழுக்குது."

சடையன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தான். "எங்க குத்துது?"

"குத்துதுன்னு சொல்லல. வழுக்குதுன்னு சொல்றேன்."

வழவழப்பு ஒரு குறையாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கத்தியை எடுத்து இன்னும் கொஞ்சம் இழைத்துக் கொடுத்தான். மறுநாள் கூடைக்குள் ஒரு பரண் கட்டினான். அதற்கு மறுநாள் பரணுக்கு ஓர் ஏணி வைத்தான்.

"ஏணி எதுக்கண்ணே?"

"ஏறத்தான்."

"இங்க நிக்கவே முடியல."

அன்று மத்தியானம் ஒரு குஞ்சு செத்தது. மறுநாள் காலையில் வேம்பிதான் கேட்டாள்.

"உனக்கு என்னதான் வேணும்? சொல்லித் தொலை."

"மண்ணு."

"மண்ணுக்குப் போனா கீரி இருக்கே."

"அதனாலதான இங்க வந்தேன். சுத்திச் சுவர் இருக்கட்டும், மேல கூரை இருக்கட்டும். கீழ ஒண்ணும் வேண்டாம்."

சடையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அடி இல்லாததுக்குக் கூடைன்னு பேரா? ஊர் சிரிக்கும்."

"குஞ்சு சாகுதுய்யா" என்றாள் வேம்பி.

"அதுக்கு நான் தொழில் தெரியாதவன்னு பேர் வாங்கணுமா?" என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு மூங்கில் வெட்டப் போய்விட்டான்.

வேம்பி கூடையைப் பார்த்தாள். வெட்டவோ பிரிக்கவோ தேவையில்லை, கவிழ்த்தால் போதும். ஆனால் அந்த ஊரில் யாரும் கூடையைக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள். கவிழ்த்து வைத்தால் வீட்டில் ஒரு மணி தானியம் இல்லை, உலை வைக்க வழி இல்லை என்று அர்த்தம். பார்த்தவர்கள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள்.

அவள் கோழியையும் எட்டுக் குஞ்சையும் மடியில் அள்ளிக்கொண்டாள். மூடியையும் பரணையும் ஏணியையும் பிய்த்து வெளியே எறிந்தாள். கூடையைக் கவிழ்த்தாள். ஒரு பக்கத்தைத் தூக்கி எல்லாரையும் உள்ளே தள்ளி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். சடையனின் அருமையான அடி கூரையாகிவிட்டது.

கோழி கிளறியது. போன வாரம்தான் மெழுகிய தரை. வேம்பி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். மெழுகல் பெயர்ந்து, மண் பெயர்ந்து, அடியில் இருந்த கறையான் வெள்ளையாக வெளியே வந்தது. கோழி கூப்பிட்டது. நின்ற குஞ்சுகள் ஓடின. கால் விரிந்த இரண்டும் மண்ணில் ஊன்றி இழுத்துக்கொண்டே போய்த் தின்றன.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஒச்சம்மா நெருப்பு வாங்க வந்தாள். வாசலோடு நின்று கூடையைப் பார்த்தாள். திரும்பிப் போய் ஒரு கலயம் கஞ்சியோடு வந்தாள்.

"ஏண்டி வேம்பி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எத்தனை நாளாப் பட்டினி?"

வேம்பி பதில் சொல்வதற்குள் மூங்கில் கட்டோடு சடையன் வந்து சேர்ந்தான். கவிழ்ந்த கூடையையும் கஞ்சியையும் பார்த்தான். கட்டைக் கீழே போட்டுவிட்டு நேராகப் போய்க் குழவியைத் தூக்கி ஓரமாக வைத்தான். கூடை விளிம்பில் கை வைத்தான்.

"அண்ணே" என்றது கோழி உள்ளேயிருந்து. "எட்டு இருக்கு. நீ நிமித்து. நாளைக்கு எத்தனை இருக்கும்னு நீயே சொல்லு."

அவன் கையை எடுக்கவில்லை. குனிந்து இடைவெளி வழியாகப் பார்த்தான். கால் விரிந்த குஞ்சு ஒன்று மண்ணில் ஊன்றி நகர்ந்து கறையானைக் கொத்திக்கொண்டிருந்தது. பிறகு குழவியை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தான்.

"கஞ்சியைக் கொண்டுட்டுப் போ ஒச்சம்மா. குதிர்ல சோளம் கிடக்கு. இது கோழி வீடு" என்றான்.

ஒச்சம்மாவும் குனிந்து பார்த்தாள். "எங்க கொல்லைப் புதர்லயும் ஒண்ணு அடைகாக்குது. எனக்கும் இப்படி ஒண்ணு பின்னிக் குடு."

"அடி நெருக்கி வைக்கவா, லேசா வைக்கவா?"

"என்னைக் கேட்டா? அதைக் கேளு."

சடையன் தரையில் உட்கார்ந்து, முதல் தடவையாகக் கோழியிடம் யோசனை கேட்டான். சுற்றிலும் இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டான்.

"என் தலை வெளிய வரணும், கீரித் தலை உள்ள வரக் கூடாது" என்றது கோழி. "கீழ இருக்கிறதை என்கிட்ட விட்டுடு."

அன்றைக்குப் பின்னிய அந்தக் கூடைதான் கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரம். கால் விரிந்த குஞ்சுகளில் ஒன்று நாலாம் நாள் எழுந்து நின்றது, இன்னொன்று கடைசிவரை நொண்டிதான். ஆனால் எட்டும் பிழைத்தன.

அன்று தொட்டு, பஞ்சாரம் பின்னுகிறவர் யாராக இருந்தாலும் உச்சியில் ஆரம்பித்துக் கீழே இறங்குகிறார், தரையைத் தொடும் இடத்தில் கையை நிறுத்திக்கொள்கிறார். அதற்குக் கீழே கோழியின் வேலை.