நீக்கப்பட்ட படம்

மூன்றாவது முறையும் அதே செத்த பாம்பு வந்தபோது, நம்பிராஜன் படத்தை நீக்கியதோடு போட்ட ஆளையும் ஒரு வாரத்துக்குத் தடுத்தார். பிறகுதான் தேநீரை எடுத்தார். ஆறியிருந்தது.

"காலையிலேயே ஒருத்தன், குருவே. நீக்க நீக்கப் போடுதான்."

ஜெசிந்தா தன் மருந்துக்கடையின் கண்ணாடி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"குருன்னு கூப்பிட்டா பிரஷர் மாத்திரைக்குத் தள்ளுபடி கிடையாது, அண்ணாச்சி."

'நம்மூர்ப் பாம்புகள்' என்ற இணையக் குழுவைத் தொடங்கியவள் அவள். நம்பிராஜன் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், அவளைவிட இருபது வயது மூத்தவர். பாம்புகளைப் பிரித்தறிய அவளிடம்தான் கற்றார். குழுவில் வருவதைப் பார்த்து அனுமதிக்கும் வேலையை அவள் அவரிடம் விட்டிருந்தாள்.

அடித்துக் கொன்ற பாம்பின் படம் கூடாது என்ற விதி அவர் எழுதியது. அதற்கு முன்பு குழு முழுக்கக் கம்போடு நிற்கும் ஆண்கள். செத்த சாரையை மாலையாகப் போட்டுக்கொண்டுகூட ஒருவன் நின்றான். விதி வந்த பிறகு, அடிப்பதற்கு முன்னால் கூப்பிடுகிறவர்கள் அதிகமானார்கள். படம் நீக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தானாகவே ஒரு வரி போகும்: 'பாம்பும் ஓர் உயிர்.' அதுவும் அவர் எழுதியதுதான்.

"நீக்கினதைக் காட்டுங்க."

"அதுல என்ன பார்க்க? தலை நசுங்கிக் கெடக்கு, பாவம்."

அவள் கையை நீட்டியபடியே நின்றாள். போனைக் கொடுத்தார்.

முதல் படத்தோடு 'இது என்ன பாம்பு' என்று மட்டும் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டாவதைத் திறந்தாள். மூன்றாவதைத் திறந்ததும் துணியைக் கீழே வைத்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கான்?"

"படம்தான். அதே படம்."

"படத்துக்குக் கீழ."

அவர் படித்திருக்கவில்லை. அவளே படித்தாள்.

"மக கால்ல கடிச்சிட்டு. கட்டுவிரியனான்னு மட்டும் சொல்லுங்க."

நம்பிராஜன் எழுந்து நின்றார். எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

அவள் தடையை நீக்கிவிட்டு வேகமாக எழுதினாள். உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. மந்திரிக்கப் போகாதீங்க. வால் தெரியுற மாதிரி ஒரு படம் அனுப்புங்க. தன் எண்ணையும் போட்டாள்.

"கட்டுவிரியனா?"

"தெரியல. வெள்ளிக்கோல் வரையனாகவும் இருக்கலாம். தலை நசுங்கிப்போச்சு. வால் அடியில மடங்கிக் கெடக்கு."

ஒன்று ஆளைக் கொல்லும். மற்றது அதைப் போலவே இருக்கும், விஷம் கிடையாது. கட்டுவிரியனின் வெள்ளைக் கோடுகள் வால்வரை தெளிவாக வரும். வரையனுக்கு வாலை நெருங்க நெருங்க மங்கிப்போகும். அவரே குழுவில் பலருக்கு இதை விளக்கியிருக்கிறார்.

"ஒரு போன் போட்டுப் பாரேன்."

"நம்பர் இல்லை. பேரு இசக்கிராஜ். முகத்துக்குப் பதிலா ஒரு டிராக்டர் படம். நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

பதில் வரவில்லை. நம்பிராஜன் போனைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லுங்கி கட்டிய ஒருவர் கடைக்கு வந்தார்.

"தூக்க மாத்திரை ஒரு அட்டை."

"சீட்டு?"

"வீட்டுல இருக்கு."

"சீட்டு இல்லாமத் தர மாட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

"நில்லுங்க. மாத்திரை யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எப்போலேர்ந்து தூக்கம் இல்லை?"

அவர் தெருவைப் பார்த்தார். "வீட்டுல அவ போனதுலேர்ந்து."

ஜெசிந்தா முக்காலியை வெளியே நகர்த்தினாள். அவர் உட்கார்ந்தார். எதிர்வரிசை டாக்டருக்குப் போன் செய்து, ஒருத்தர் வருகிறார், டோக்கன் கேட்காமல் பாருங்கள் என்றாள். அவர் தெருவைக் கடந்து படியேறும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடைசிவரை மாத்திரை குடுக்கலியே" என்றார் நம்பிராஜன்.

"சீட்டு இல்லையே."

போன் அதிர்ந்தது.

ஆஸ்பத்திரி பெஞ்சின் மேல் விரித்த கேரி பேக். அதில் நீட்டிப் போடப்பட்ட பாம்பு. இருவரும் கண்ணாடி மேல் குனிந்தார்கள். கழுத்துப் பக்கம் கோடுகள் அகலமாக இருந்தன. பிறகு மங்கின. வால் வெறும் பழுப்பு.

"வரையன்" என்றாள் ஜெசிந்தா.

நம்பிராஜன் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதை விலக்க நேரமாயிற்று.

அவளது போன் அடித்தது. இசக்கிராஜ்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், டாக்டரம்மாவும் பாம்பைப் பார்த்து விஷம் இல்லாதது மாதிரிதான் இருக்குன்னாங்க. ஆனா நாளைக்கு வரைக்கும் இங்கேயே இருக்கணுமாம்."

"இருங்க. அவங்க சொல்லாமக் கிளம்பாதீங்க. பாப்பா எப்படி இருக்கா?"

"பூரி கேட்டு அழுதா. கடிச்சதுக்குக்கூட இப்படி அழலை."

"ஆஸ்பத்திரிக்கு எப்ப போனீங்க?"

"எங்க அத்தை அப்பவே பிள்ளையைத் தூக்கிட்டு ஓடிட்டா. நான்தான் போனும் கையுமா நின்னேன். இப்ப வந்து அவகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "ஒரு வாரம் தடைன்னு வந்துச்சே, அது எனக்கா, பாம்புக்கா?"

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நம்பிராஜன் போன் பக்கம் குனிந்தார்.

"அது நான் போட்டது, தம்பி. படிக்காமப் போட்டுட்டேன்."

"சரி விடுங்க, அண்ணாச்சி. இந்தப் பாம்பை இப்ப என்ன செய்ய?"

"புதைச்சிரு."

"அதான் நானும் நினைச்சேன். அதுவும் ஓர் உயிர்லா."

அவன் போனை வைத்தான். நம்பிராஜன் இரண்டு தேநீர் சொன்னார். தன்னுடையதைச் சூடு தாங்காமல் ஊதி ஊதிக் குடித்தார்.

"விதியை எடுத்துரட்டுமா?"

"எடுத்தா நாளைக்கே கம்போட வந்து நிப்பானுவ."

"அப்ப இருக்கட்டுமா?"

"இருந்தா இன்னொரு இசக்கிராஜ் வருவான்."

"பின்ன நான் என்னதான் செய்ய, குருவே?"

இந்த முறை அதில் கேலி இல்லை.

அவள் நீக்கப்பட்ட முதல் படத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல எத்தனை உயிர் இருக்கு, அண்ணாச்சி?"

"செத்த பாம்புலா இது. ஒண்ணும் இல்லை."

அவள் தேநீரைக் குடித்தாள். அவர் படத்தை விரலால் பெரிதாக்கினார். சிமெண்டுத் தரை. விளக்குமாறு. பாதி சுருட்டிய பாய். நசுங்கிய தலை. இடது ஓரத்தில், படம் வெட்டுப்பட்ட இடத்தில், கொலுசு போட்ட ஒரு சின்னக் குதிகால்.

அவர் விரல் அங்கேயே நின்றது.

கடைக்கு ஆள் வந்தது. ஜெசிந்தா இருமல் மருந்தை எடுக்க உள்ளே திரும்பினாள். அனுமதிக்காகக் காத்திருந்தவற்றில் புதிதாக ஒரு படம் வந்து நின்றது. கம்பு, அதன் நுனியில் தொங்கும் சாரை, பல்லெல்லாம் தெரிய ஒருவன்.

நம்பிராஜன் அந்தப் படத்தின் ஓரங்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். கீழே எழுதியிருந்ததைக் கடைசிவரை படித்தார். பிறகு நீக்கினார்.