காக்காய்க்கு வைத்த சோறு

ஆற்றங்கரை மடத்தை நடத்திவந்த வடிவம்மைக்கு நாற்பது வயது. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த பூதலிங்கத்துக்கு அறுபது. குரு சீடரை அண்ணாச்சி என்பாள். சீடர் குருவைத் தாயி என்பார். மடத்தில் யாருக்கும் அது வேடிக்கையாகப் படவில்லை.

பூதலிங்கம் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாவல் எழுதியிருந்தார். பதிப்பகங்கள் ஒவ்வொன்றாக அதைத் திருப்பி அனுப்பின. ஒருவர் நீளம் என்றார். பூதலிங்கம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாதியை வெட்டினார். இன்னொருவர் காதல் போதாது என்றார். பாவம் மனுஷர், அந்த வயதில் உட்கார்ந்து காதலைச் சேர்த்தார். கடைசியாக அனுப்பிய இடத்திலிருந்து பதிலே வரவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அமாவாசையன்று காலையில் காகிதக் கட்டோடு மடத்து அடுக்களைக்கு வந்தார். வடிவம்மை பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தாயி, இதை அடுப்புல போட்டுரலாமான்னு கேக்க வந்தேன்.”

“என்னது அது?”

“என் நாவல்தான். இனிமே எழுதப்போறதில்ல. மகள் முகத்தைப் பாக்கவே கூச்சமா இருக்கு. ‘என்னப்பா, பதில் வந்துச்சா’ன்னு கேட்டுக்கிட்டிருந்தா. இப்ப அவளும் கேக்குறதில்ல.”

வடிவம்மை அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தினாள்.

“ரொம்ப வலிக்குதோ அண்ணாச்சி?”

“ஆமா தாயி.”

“வலிக்கத்தான் செய்யும்.” அவள் எழுந்து கை கழுவினாள். “காகிதக் கட்டை அப்படி அடுப்போரமா வையுங்க. போடணும்னா போடலாம். முதல்ல காக்காய்க்குச் சோறு வைக்கணும். இன்னைக்கு நீங்க வையுங்க.”

அமாவாசையன்று காக்காய் எடுத்த பிறகுதான் மடத்தில் பந்தி. சோறு வெந்ததும் பூதலிங்கம் வாழையிலை நறுக்கில் ஒரு பிடி எடுத்துப்போய்க் கொல்லைச் சுவர்மேல் வைத்தார்.

“கா... கா...”

வேப்பமரத்தில் காக்கைகள் இருந்தன. பார்த்தன. வரவில்லை.

உள்ளே போய் நெய் கொண்டுவந்து ஊற்றினார். வரவில்லை. பருப்பைச் சேர்த்தார். பிறகு ஒரு வடையையும் வைத்தார். ஒரு காக்கை வடையைத் தலை சாய்த்துப் பார்த்துவிட்டு அடுத்த கிளைக்குப் போனது. பூதலிங்கம் இலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சுவரோரமாகவே நின்றார்.

வெயில் ஏறியது. வடிவம்மை எட்டிப் பார்த்தாள்.

“எடுக்கலையா?”

“இல்ல தாயி. என் கை ராசி அப்படி. நான் வச்சா காக்காய்க்குக்கூட வேண்டாம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“இலையைப் போடுங்க.”

“காக்கா எடுக்காமயா?” என்றார் பூதலிங்கம்.

“வந்தவங்களுக்குப் பசிக்கும்லா.”

பந்தி உட்கார்ந்தது. யாரோ ரசம் கேட்டார்கள். யாரோ இரண்டாம் முறையும் கேட்டார்கள். பூதலிங்கம் மட்டும் சுவரோரமாக நின்றார்.

வடிவம்மை மறுபடியும் வந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. சாப்பிடுங்க.”

“நான் உள்ள வந்துட்டா அது எடுத்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும் தாயி?”

“நீங்க பக்கத்துலயே கம்பம் மாதிரி நின்னா எந்தக் காக்கா வரும்? வச்சாச்சுல்லா. உள்ள வாங்க.”

வந்து உட்கார்ந்தார். அவளே பரிமாறினாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. கண் கொல்லைக் கதவிலேயே இருந்தது.

“அண்ணாச்சி, முன்னால உங்க நாவலைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுனீங்களே. அதுல அந்தத் தோணிக்காரன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போனாளே, திரும்பி வந்தாளா?”

“வந்தா தாயி.”

“எப்ப?”

“ஆத்துல வெள்ளம் போன அன்னைக்கு. ஆனா வீட்டுக்கு வரல. அக்கரையில வந்து நின்னா.”

“ஐயோ. அவன் போனானா?”

“போகணும்னா தோணி வேணும்லா. தோணியத்தான் அவன் வித்துட்டானே.”

எதிர் வரிசையில் ஒருவர் கையில் எடுத்த அப்பளத்தைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பூதலிங்கம் சொல்லிக்கொண்டே போனார். வெள்ளம் வடிந்தது. அவள் இறங்கி நடந்து வந்தாள். பிற்பாடு சேர்த்த காதல் ஒன்றையும் அவர் சொல்லவில்லை. கதை முடிந்தபோது அவர் இலையில் ஒரு பருக்கை இல்லை. நடுவில் ஒரு தடவைகூடக் கொல்லைப் பக்கம் பார்க்கவில்லை.

கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது. கொல்லைக் கதவுவரை வேகமாகப் போனார். திறக்காமல் நின்றார். அடுக்களைக்குத் திரும்பி வந்தார்.

அடுப்பு தணிந்திருந்தது. காகிதக் கட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. வடிவம்மை சாம்பலை வழித்துக்கொண்டிருந்தாள்.

“தாயி, அது வராமலே போயிட்டா?”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நாளைக்கும் உலை வைக்கணும். நாளைக்கும் காக்காய்க்கு வைக்கணும். போயி விறகு எடுத்துட்டு வாங்க அண்ணாச்சி. காகிதம் நின்னு எரியாது.”