கைக்கு நோகாத நரம்பு

கரட்டுப்பாளையத்து டென்னிஸ்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். முட்டாள் என்றால் சொன்னதைக் கேட்காதவன். இவர்கள் சொன்னதை அப்படியே கேட்பவர்கள். பந்து மேலேயே கண்ணாக இருங்கள் என்று ஒருமுறை யாரோ சொல்லிவிட்டுப் போக, அன்று முதல் மயில்சாமி சாப்பிடும்போதுகூடப் பந்தை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பந்து உருண்டு சாம்பாரில் விழுந்தபோதும் கண்ணை எடுக்கவில்லை என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

கிளப்பில் மொத்தம் நாலு பேர். தேங்காய் நார் மில் வைத்திருக்கும் ஆறுச்சாமி தலைவர். மாவு மில் மயில்சாமி செயலாளர். பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் அங்கமுத்து பொருளாளர். மளிகைக் கடை நாச்சிமுத்துவுக்குப் பதவி எதுவும் கிடையாது. ஆனால் பந்தை வலைக்கு அந்தப் பக்கம் அனுப்பத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த வலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரட்டுப்பாளையமும் பக்கத்து ஓடையூரும் பங்கு போட்டு வாங்கிய வலை அது. ஒவ்வொரு வருஷமும் பொங்கல் கழிந்ததும் இரண்டு ஊருக்கும் போட்டி நடக்கும். ஜெயித்த ஊர் வருஷம் முழுக்க வலையை வைத்துக்கொள்ளும். தோற்ற ஊர் வலை இல்லாமல் சமாளிக்க வேண்டியதுதான்.

வெகுகாலம் வலை ஓடையூரிலேயே கிடந்தது. கரட்டுப்பாளையத்தில் வலைக்குப் பதிலாக ஆறுச்சாமியின் வேட்டியைக் கட்டி விளையாடினார்கள். வேட்டி மைதானத்துக்கு வந்துவிட்டதால் ஆறுச்சாமி வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. தலைவர் இல்லாமலேயே கிளப் நடந்தது. கடைசியில் ஒரு பொங்கலுக்கு நாச்சிமுத்து போட்ட சர்வீஸில்தான் வலை முதல்முறையாக ஊருக்கு வந்தது. மேளம் வைத்து அழைத்து வந்தார்கள். ஆறுச்சாமி வேட்டியோடு வந்து வரவேற்றார். அன்றைக்கு அவர் அழுததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படி வந்த வலைக்கு ஆபத்து நாச்சிமுத்துவின் முழங்கையில் ஆரம்பித்தது. கார்த்திகை மாசத்தில் ஒருநாள் பருப்பு நிறுக்கும்போது கை சுருக்கென்றது. பிறகு காபி டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறுச்சாமி தன் வேட்டியை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

எல்லோரும் சேர்ந்து நாச்சிமுத்துவை டாக்டர் சுகந்தாமணியிடம் கூட்டிப் போனார்கள். அந்தம்மா கையை அமுக்கிப் பார்த்துவிட்டு மட்டையையும் வாங்கிப் பார்த்தார். மட்டையில் பின்னியிருந்த நரம்பைத் தட்டினால் கம்பி மாதிரி சத்தம் வந்தது. கைக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள், பிறகு மெத்தென்ற நரம்பாகப் பார்த்துப் போடுங்கள், எதைப் போடுவது என்று கோயம்புத்தூரில் மட்டைக்கு நரம்பு கட்டுபவரைக் கேளுங்கள் என்றார்.

கைக்கு ஓய்வு கொடுத்தார்கள். நாச்சிமுத்துவின் கை ஒரு தலையணையில் படுத்துக்கொண்டது. நாச்சிமுத்து கடையைப் பார்க்க வேண்டியிருந்ததால், தலையணையை மயில்சாமி தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். அரிசி மூட்டைக்குப் போனால் அரிசி மூட்டைக்கு, எண்ணெய் டின்னுக்குப் போனால் எண்ணெய் டின்னுக்கு. டாக்டரம்மா ஆளுக்கு ஓய்வு சொல்லவில்லை, கைக்குத்தான் சொன்னார் என்பதில் மயில்சாமி உறுதியாக இருந்தார்.

கை படுத்திருந்ததால் நாச்சிமுத்து கோயம்புத்தூருக்கு வர முடியவில்லை. தலையணையை அவர் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு மற்ற மூவரும் பஸ் ஏறினார்கள்.

நரம்பு கட்டுபவர் பொறுமைசாலி. நாச்சிமுத்துவின் மட்டையில் இருப்பது விறைப்பான பிளாஸ்டிக் ஒற்றை இழை, அடிக்கிற அடியை அப்படியே கைக்கு அனுப்பிவிடும் என்று விளக்கினார். பிறகு அவர் சொன்னது இதுதான்:

"நரம்பு மெத்துன்னு இருக்கணும். ஒத்த இழையா இருக்கக் கூடாது, பல இழை சேத்து முறுக்குனதா இருக்கணும். பந்து பட்டா அந்த அதிர்ச்சிய நரம்பே வாங்கிக்கணும், கைக்கு விடக் கூடாது. ரொம்ப இறுக்கிக் கட்டாதீங்க. தளர்த்தியா இருந்தா கைக்கு நல்லது."

மூன்று பேரும் இதை உதடு அசைத்து மனப்பாடம் செய்துகொண்டார்கள். இருப்பதிலேயே மெத்தென்ற நரம்பு எது என்று ஆறுச்சாமி கேட்டார். மாட்டுக் குடலில் செய்வதுதான் என்று பதில் வந்தது. மூவரும் கடைக்கு வெளியே போய்க் கூடிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"மாடு எப்படிங்க?" என்று ஆறுச்சாமி கேட்டார். "சாதுவான மாடுங்களா, முட்டற மாடுங்களா?"

தனக்கு அது தெரியாது என்றார் கடைக்காரர்.

"மாட்டு கொணம் தெரியாம நரம்பு வாங்க முடியாதுங்க. நாச்சிமுத்து ரொம்ப சாதுவான ஆளு" என்று சொல்லி ஆறுச்சாமி அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

பல இழை முறுக்கிய நைலான் நரம்பு ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டி, இதுவே போதும், நானே கட்டித் தருகிறேன் என்றார். நல்ல நரம்பு. அதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அந்த மனுஷர் கூடவே ஒரு வார்த்தை சொன்னார். கைக்குக் கை மாறும், எது ஒத்துக்கொள்கிறது என்று அவர் கைதான் சொல்ல வேண்டும் என்றார். கையோ ஊரில் தலையணை மேல் இருந்தது. ஆகவே ஒவ்வொரு நரம்பிலும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

மறுநாள் காலையில் கையிடம் கேட்டார்கள். ஆள் தலையிடக் கூடாது என்பதற்காக நாச்சிமுத்துவின் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். அங்கமுத்து ஒவ்வொரு நரம்பாக எடுத்து முழங்கையில் சுற்றினார். அவர் மோட்டாருக்குக் காயில் கட்டிக் கட்டிப் பழகியவர். எதைச் சுற்றினாலும் இம்மியும் அசையாதபடி இறுக்கித்தான் சுற்றுவார்.

"எப்படிங்க இருக்குது?"

"வலிக்குதுங்க."

அடுத்ததும் வலித்தது. அதற்கடுத்ததும் வலித்தது. நைலான் நரம்பு எல்லாவற்றையும் விட அதிகமாக வலித்தது. விரல்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. கடைக்காரர் விற்பதெல்லாம் கை வலிக்கும் நரம்புதான் என்று ஆறுச்சாமி வருத்தத்தோடு தீர்ப்புச் சொன்னார். நாமே தேடிக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவாயிற்று.

ஆறுச்சாமி தன் மில்லிலிருந்து தேங்காய் நார்க் கயிறு கொண்டுவந்தார். அரிப்பெடுத்தது. அங்கமுத்து செம்புக் கம்பி கொண்டுவந்தார். அதைப் பார்த்ததுமே கை தானாகத் தலையணைக்கு அடியில் போய்விட்டது. மயில்சாமி வீட்டில் அன்றைக்குச் சந்தவை. அரிசிமாவை ஆவியில் வேகவைத்து அப்போதுதான் நூல் நூலாகப் பிழிந்திருந்தார்கள். மெத்தென்று இழை இழையாக இருக்கிறதே என்று ஒரு தட்டில் போட்டுக் கொண்டுவந்து முழங்கை மேல் சூடாக வைத்தார்.

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. "சொகமா இருக்குதுங்க" என்றார். இத்தனை நாளில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறை.

சந்தவையை மட்டையில் கட்டப் பாதி நாள் ஆயிற்று. அங்கமுத்து தன் தொழிலில் இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை என்றார். நாச்சிமுத்து ஒரே ஒரு பந்து அடித்தார். பந்து மட்டைக்குள் நுழைந்து மறுபக்கமாகப் போய்விட்டது. கை வலிக்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு ஈடு சந்தவை தேவைப்படும், அதற்கு மயில்சாமியின் மனைவி சம்மதிக்க மாட்டார் என்பதால் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மட்டையில் மிச்சமிருந்ததைக் காக்காய் பார்த்துக்கொண்டது.

பொங்கலுக்கு முந்தின வாரம் நாலு பேரும் மைதானத்தில் சோர்ந்துபோய் நின்றிருந்தார்கள். நாச்சிமுத்து மயில்சாமி பிடித்திருந்த தலையணையிலிருந்து கையை எடுத்து வலை மேல் சாய்த்துக்கொண்டார். சலிப்பில் அங்கமுத்து ஒரு பந்தை ஓங்கி அடித்தார். வழக்கம்போல வலையில் பட்டது. சத்தமே இல்லாமல் கீழே விழுந்தது.

ஆறுச்சாமி வலையருகே போனார். அதைத் தடவிப் பார்த்தார். ஒரு கயிற்றைப் பிரித்துப் பார்த்தார்.

"மெத்துன்னு இருக்குது" என்றார். "பல இழை சேத்து முறுக்கியிருக்குது. பந்து பட்டா அதிர்ச்சிய அதுவே வாங்கிக்குது. இத்தன வருசமா எத்தன பந்து வாங்கியிருக்கும். ஒரு நாளாச்சும் வலிக்குதுன்னு சொல்லியிருக்குதுங்களா?"

யாருக்கும் ஞாபகம் இல்லை.

"இதுல கை வெச்சதும் எனக்கு வலி தெரியலீங்க" என்றார் நாச்சிமுத்து, மெதுவாக.

அங்கமுத்துவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். கிளப்பிலேயே யோசிக்கும் பழக்கம் உள்ளவர் என்று அவருக்குப் பெயர் உண்டு. "ஏனுங்க தலைவரே, போட்டியே இந்த வலைக்குத்தானுங்களே. இத அறுத்துப்போட்டா எதுக்குங்க விளையாடறது?"

ஆறுச்சாமி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "அங்கமுத்து, வலைய அறுக்காட்டி நாச்சிமுத்துக்குக் கை வலிக்கும். கை வலிச்சா தோத்துருவோம். தோத்தா வலை போயிரும். வலை போகாம இருக்கோணும்னா வலைய அறுத்துத்தானுங்க ஆகோணும்."

அங்கமுத்து இதை இரண்டு முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் இடிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தார்.

வலை நாலு மட்டைக்கும் தாராளமாக வந்தது. இறுக்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னது நினைவிருந்ததால், அங்கமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு தளர்த்தியாகவே கட்டினார். நரம்பு மட்டையிலிருந்து தூளி மாதிரி தொங்கியது. நாச்சிமுத்து வீசிய மட்டையில் பந்து போய் விழுந்து அப்படியே படுத்துக்கொண்டது. கை வலிக்கவில்லை. திரும்பத் திரும்ப வீசினார், வலிக்கவில்லை. நாச்சிமுத்து மட்டையைக் கட்டிப்பிடித்து அழுதார். பந்தும் அதற்குள்தான் இருந்தது.

போட்டி நாளன்று ஓடையூர்க்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். அவர்கள் தலைவர் தேவசகாயம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மைதானத்தைப் பார்த்தார். இரண்டு கம்பத்தையும் பார்த்தார். கம்பங்களுக்கு நடுவில் பார்த்தார்.

"வலை எங்கீங்க?"

ஆறுச்சாமி பெருமையோடு நாலு மட்டைகளையும் நீட்டிக் காட்டினார். தேவசகாயம் பெஞ்சில் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். கம்பத்துக்கு நடுவில் வலை இல்லாவிட்டால் போட்டி கிடையாது, வலை கட்டாத ஊர் தோற்ற ஊர், வேட்டியெல்லாம் செல்லாது என்று அங்கிருந்தபடியே அறிவித்தார்.

கரட்டுப்பாளையத்தார் ஓரமாகப் போய் ஆலோசித்தார்கள். வேட்டி செல்லாது என்றதும் ஆறுச்சாமிக்குப் பாதி உயிர் திரும்பி வந்திருந்தது. வலை எங்கேயும் போய்விடவில்லை, மட்டையில்தான் இருக்கிறது, மட்டையைக் கட்டினால் வலையைக் கட்டியதுதானே என்றார் மயில்சாமி. இவ்வளவு தெளிவாக அவர் அதற்கு முன் பேசியதில்லை. ஒரு நார்க் கயிறு கொண்டுவந்து, கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டி, நாலு மட்டைகளையும் அதில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். காற்றில் அழகாக ஆடின.

தேவசகாயம் வேனைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சரி, இதுவே வலை என்றார். போட்டி ஆரம்பித்தது.

முதல் சர்வீஸ் நாச்சிமுத்துவுக்கு. பந்தைத் தூக்கிப் போட்டு வெறுங்கையை முழு வேகத்தில் வீசினார். பந்து அவர் காலடியில் விழுந்தது. முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மற்ற மூவரையும் நோக்கித் தலையசைத்தார். வலி இல்லை. மூவரும் கை தட்டினார்கள். அன்று முழுக்கக் கரட்டுப்பாளையத்தார் போட்ட பந்து ஒன்றுகூட வலையில் படவில்லை. கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து நடக்காத காரியம் அது.

தோற்றுப் போனார்கள் என்றுதான் தேவசகாயம் சொன்னார். வழக்கப்படி வலையை அவிழ்த்து வேனில் ஏற்றினார்கள். நாலு மட்டையும் கயிறுமாக வலை ஓடையூருக்குப் போயிற்று. வேன் கிளம்பும்போது ஆறுச்சாமி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "நரம்ப மட்டும் இறுக்கிப்போடாதீங்கோ. கை வலிக்கும்."

நாச்சிமுத்து திரும்பவும் டாக்டர் சுகந்தாமணியிடம் போனார். அந்தம்மா கையை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், முழுக்கக் குணமாகிவிட்டது என்றார். இப்போது எந்த நரம்பு போட்டு விளையாடுகிறீர்கள் என்று கேட்டார். நரம்பும் இல்லை, மட்டையும் இல்லை என்று நாச்சிமுத்து உள்ளதைச் சொன்னார். டாக்டர் மருந்துச் சீட்டை மூடி வைத்துவிட்டு, அப்படியே தொடருங்கள் என்றார்.

அப்படியே தொடர்கிறார்கள். தினமும் சாயங்காலம் நாலு பேரும் மைதானத்துக்கு வருகிறார்கள். நடுவில் ஆறுச்சாமியின் வேட்டியும் இல்லை, ஆகவே ஆறுச்சாமியும் வருகிறார். கையில் மட்டை இல்லை. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்ற சண்டை மட்டும் முன்னைப் போலவே நடக்கிறது. நாச்சிமுத்துவின் சர்வீஸை எடுக்க முடியவில்லை என்று மற்றவர்கள் இன்னமும் புலம்புகிறார்கள்.

போன வாரம் மயில்சாமிக்கு முழங்கை வலி வந்துவிட்டது. எந்த நரம்பு போடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்திருக்கிறார்கள்.