ஐந்து காலி டம்ளர்கள்

மலையடிவாரத்துச் சிறு மருத்துவமனை ஒன்றில் எட்டுக் கட்டில்கள். கட்டிலுக்கு ஒரு மணி. யார் மணியை அழுத்தினாலும், தாழ்வாரத்துப் பலகையில் அவருடைய விளக்கு எரிய வேண்டும். அதற்கான நிரலை ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதியவர் தணிகாசலம். அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவர். நிரல் எழுதக் கற்பதற்காக அமலோற்பவத்திடம் சீடராகச் சேர்ந்தவர். குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம்.

ஒரு பகலில் முதல் விளக்கு எரிந்தது. தணிகாசலம் தண்ணீரோடு ஓடினார். முதல் கட்டிலில் காத்தமுத்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"தூங்குறவனை எழுப்பி, தண்ணி வேணுமான்னு கேக்குற ஆஸ்பத்திரி இது ஒண்ணுதான்யா!"

மணியை அழுத்தியவர் ஆறாம் கட்டில் வேலப்பன். காய்ச்சலில் குரல் அடைத்துப் போனவர். மணியை விட்டால் யாரையும் கூப்பிட அவருக்கு வழியில்லை. தற்செயலாக அந்தப் பக்கம் வந்த குருதான், காய்ந்த உதடுகளைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தார்.

தணிகாசலத்துக்கு முகம் சுண்டிவிட்டது.

"எட்டு மணியும் சேர்ந்து ஒரே எண்ணா வருது டீச்சரம்மா. அதை ஒன்று, பூஜ்யமா மாத்த ஜாவாஸ்கிரிப்ட்லயே கட்டளை இருக்கு. மணி அடிச்சவருக்கு ஒன்று, அடிக்காதவருக்குப் பூஜ்யம். இடப்பக்கத்துல இருந்து கட்டிலுக்கு ஒண்ணா எடுத்துக்கிட்டேன். முதல் மணியை அழுத்திச் சோதிச்சப்ப சரியா எட்டு இலக்கமும் வந்துச்சே!"

"இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"நாலு. மாத்தினா ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். கணக்குல தப்பே இல்லை."

"இல்லைதான்" என்றார் குரு.

பிறகு ஒரு நீளத் தட்டில் எட்டு டம்ளர்களை வரிசையாக வைத்தார். ஆறாவதில் மட்டும் தண்ணீர் ஊற்றினார்.

"முதல் கட்டில்ல இருந்து ஆரம்பிச்சு, ஆளுக்கு ஒண்ணா வெச்சுட்டுப் போங்கண்ணே."

தணிகாசலம் தட்டைத் தூக்கினார்.

"கொஞ்சம் இருங்க. இதெல்லாம் காலிதானே? எதுக்கு வீண் சுமை?"

முன்னால் இருந்த ஐந்து டம்ளர்களையும் குரு எடுத்துக்கொண்டார்.

சீடர் முதல் கட்டிலுக்குப் போய், தட்டில் முதலில் இருந்த டம்ளரை வைத்தார்.

காத்தமுத்து ஒரு கண்ணைத் திறந்தார். "மறுபடியுமா?"

தணிகாசலம் டம்ளரைப் பார்த்தார். அதில் தண்ணீர் இருந்தது. நிமிர்ந்து, தொலைவில் இருந்த ஆறாம் கட்டிலைப் பார்த்தார்.

டம்ளரைத் திரும்பத் தட்டில் வைத்து, குருவிடம் கொண்டுவந்தார்.

"முன்னால இருக்கிற பூஜ்யத்தையெல்லாம் அந்தக் கட்டளை ஏன் டீச்சரம்மா விட்டுருச்சு? தேவையில்லைன்னுதானே?"

"எண்ணுக்குத் தேவையில்லை."

குரு ஐந்து காலி டம்ளர்களையும் பழையபடி தட்டில் அடுக்கினார்.

"வேலப்பனுக்குத் தேவை."